பாட்டனுக்கும் முன்னால் யார்? பழைய பதிவுகளில் முன்னோரைத் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் குடும்ப வரலாறு தேடுகிறவன் என்று தெரிந்ததும் உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் என்று பலரும் விசாரிப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். "கொள்ளுத்தாத்தா வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கல" என்பதில்தான் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். அடிக்கடி வரும் சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பதிவுகளைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். இலங்கைக்கும் கடல் கடந்து போனவர்களுக்கும் தனியாகப் பதில்கள் உண்டு.

எனக்குத் தாத்தா பேர் வரைக்கும்தான் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடமிருந்து. காப்பகம், பதிவு அலுவலகம் எல்லாம் அப்புறம். அவை அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும், எண்பது வயது அத்தை இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஆனால் "உங்க தாத்தாவுக்கு அப்பா பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால் "ஞாபகம் இல்லப்பா" என்று பேச்சு முடிந்துவிடும். சுற்றி வளைத்துக் கேளுங்கள். சின்ன வயதில் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவீர்கள்? குலதெய்வம் எங்கே இருக்கிறது, அங்கே தலைக்கட்டு வரி யார் வந்து வாங்கினார்கள்? உங்கள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது? எல்லாவற்றையும்விடப் பலன் தரும் கேள்வி ஒன்று உண்டு: யார் வீட்டுச் சாவுக்கெல்லாம் நமக்குத் தீட்டு? எப்படிப் பங்காளி என்பது மறந்து போயிருக்கும், தீட்டு காக்கும் வழக்கம் மறந்திருக்காது. அந்த வீடுகள் எல்லாம் ஒரே ஆணின் வழி வந்தவை. அவர்களில் ஒருவர் வீட்டில் உங்கள் பாட்டன் பெயர் எழுதிய காகிதம் இருக்கலாம்.

வீட்டுல பழைய பெட்டி இருக்கு. அதுல எதைப் பார்க்கணும்?

எதையும் கழிக்காதீர்கள். பத்திரம், ஜாதகம், பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வரி ரசீது, கோர்ட்டுக் காகிதம், புகைப்படத்தின் பின்பக்கம் எல்லாமே பேசும். கிழிந்ததை ஒட்டுவதற்கு செல்லோடேப் மட்டும் போடாதீர்கள், பத்து வருஷத்தில் அது எழுத்தையும் சேர்த்துப் பழுப்பாக்கிவிடும். முதலில் இருபக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பலர் தள்ளி வைப்பது மொய் நோட்டை. எனக்குக் கையில் கிடைத்தால் முதலில் பிரிப்பது அதைத்தான். மஞ்சள் தடவிய முதல் பக்கம், மேலே பிள்ளையார் சுழி, கீழே கல்யாணத் தேதி. தாய்மாமன் மொய் வழக்கமாக முதலில் வரும். அப்புறம் வரிசையாக ஊர், தகப்பன் பெயர் அல்லது இனிஷியல், ஆள் பெயர், தொகை. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் பெயரையும் ஊரையும் கவனமாக எழுதியிருப்பார்கள். உள்ளூர் மொய்யை விட்டுவிட்டு வெளியூர் மொய்யை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று ஊர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று பெண் கொடுத்த ஊர், ஒன்று பெண் எடுத்த ஊர். மூன்றாவதாக யாருக்கும் காரணம் தெரியாத ஓர் ஊர் வந்தால், உங்கள் குடும்பம் முன்பு இருந்த ஊராக அது இருக்கலாம்.

நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே. எதை வெச்சுத் தேடுறது?

வெள்ளைக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இறங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். அங்கே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு நூறு இருநூறு வருஷம் பின்னால் போகலாம். நம்மில் பெரும்பாலோருக்குத் தகப்பன் பெயர்தான் இனிஷியல், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் நாம் தேட வேண்டியது பெயரை அல்ல, ஊரையும் நிலத்தையும் உறவையும். கிராமம், சர்வே எண், குலதெய்வம், பெண் எடுத்த ஊர் ஆகிய இந்த நான்கும் பெயரைவிட மெதுவாக மாறுபவை. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதையே சுற்றி வருகின்றன.

நகரத்தார் குடும்பங்கள் இதற்கு விதிவிலக்கு. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள் 'விலாசம்' என்ற குடும்ப அடையாளமாகத் தொடர்ந்து வரும். ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் இருக்கும், கல்யாணமானதும் கோயிலில் தனிக் குடும்பமாக, அதாவது 'புள்ளி'யாகப் பதிவாகும். கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் வீட்டில் இருந்தால் இரு வீட்டார் விவரமும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரே பேர் மாத்தி மாத்தி வருது. யார் தாத்தா, யார் பேரன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். அதனால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று மாறி மாறி வரும். மூத்த மகனும் இளைய மகனும் ஆளுக்கொரு ராமசாமியைப் பெற்றிருப்பார்கள். ஒரே தெருவில் ஒரே வயதில் இரண்டு ராமசாமிகள்!

ஆளைத் தனியாக எழுதாமல் தகப்பனோடு சேர்த்து ஜோடியாக எழுதுங்கள். மனைவி பெயர், நிலத்தின் சர்வே எண், கையெழுத்தா கைநாட்டா, "என்கிற" போட்டு வரும் பட்டப்பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "பெரிய", "சின்ன", "கறுப்பு" போன்ற அடைமொழிகளை எழுத்தர் அழகுக்காகச் சேர்ப்பதில்லை. அதே பெயரில் இன்னொருவர் இருந்ததால்தான் சேர்த்திருப்பார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புல பேர் இருக்குமே? அதைப் பார்த்தா முடிஞ்சுதே?

இங்கே அந்த வழி இல்லை. 1871 முதல் கணக்கெடுப்பு நடந்திருந்தாலும், வீடு வீடாக எழுதிய படிவங்கள் கூட்டல் முடிந்ததும் அழிக்கப்பட்டன. இன்று கிடைப்பவை ஊர்வாரி, மாவட்டவாரிக் கூட்டுத்தொகைகள். பெயர் இருக்காது.

பிறப்பு இறப்புப் பதிவேட்டுல தேடினேன், தாத்தா பேரே இல்ல. பதிவே பண்ணலையா?

பதிவு செய்திருக்கலாம், பெயர் போட்டிருக்க மாட்டார்கள். குழந்தை பிறந்த சில நாளில் பதிவாகும், பெயர் வைப்பது பிறகு. அதனால் பழைய பதிவேடுகளில் "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் கிராமத்தையும் வைத்துத் தேடுங்கள். சென்னை மாகாணத்தில் 1899-லேயே இதற்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதுக்குமான இப்போதைய சட்டம் 1969-இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கிராமப் பதிவேடுகள் முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்ட தேதிகள் ஏராளம். மே, ஜூன் மாதத் தேதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜாதகம் இருந்தால் அதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

பத்திர ஆபீஸ்ல எவ்வளவு பழசு வரைக்கும் இருக்கும்? நாம கேட்டா குடுப்பாங்களா?

பத்திரப் பதிவு 1860-களில் தொடங்கியது. இப்போது நடப்பில் இருப்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதன் 57-ஆம் பிரிவு நம்மைப் போன்றவர்களுக்கு வரம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்பட்ட ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் பெறலாம். சொத்து உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. பதிவான உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் யாரும் கேட்கலாம்.

கணினியில் ஏற்றிய காலத்துக்கு வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பழைய அட்டவணைகளில் ஒன்று எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்வாரியாக இருக்கும், இன்னொன்று கிராமம், சொத்துவாரியாக இருக்கும். பெயர்வாரியில் கிடைக்காவிட்டால் சொத்துவாரியில் தேடச் சொல்லுங்கள். உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், எல்லைகள் பல முறை மாறியிருக்கின்றன.

எந்தப் பத்திரம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரும், இறந்துபோன தம்பியின் மைனர் மகனும், அவனுக்குக் கார்டியனாக அவன் தாயாரும் ஒரே காகிதத்தில் வருவார்கள். "நமது பாட்டனார் இன்னார் காலம் முதல் கூட்டாக அனுபவித்து வந்த" என்று ஒரு வரி வந்தால் மூன்று தலைமுறை கையில். கிரயப் பத்திரமும் சும்மா இல்லை: "இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னாருக்கு, மேற்படி கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக் கிரய சாசனம்" என்றுதான் தொடங்கும். இரு தரப்புக்கும் தகப்பன் பெயர், ஊர், ஜீவனம் எல்லாம் இருக்கும். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: நூறு ரூபாய்க்குக் கீழான விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லாமல் இருந்தது. அன்று நூறு ரூபாய் பெரிய பணம். சிறு விவசாயியின் பல கைமாற்றங்கள் பதிவாகாமலே போயிருக்கும்.

பத்திரம் கிடைச்சிருச்சு, படிக்கத்தான் முடியல. இது தமிழா வேற மொழியா?

தமிழ்தான். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இருக்காது, மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா எல்லாம் வேறு உருவில் இருக்கும். நிறுத்தி நிதானமாக ஒரு பக்கத்தைப் படித்துவிட்டால் அடுத்த பக்கம் பாதி நேரத்தில் வந்துவிடும். பத்திர எழுத்தர் நடையில் ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும்.

பலரைத் தடுமாற வைப்பது குறியீடுகள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. தமிழ் எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௯௰௨ ௵ என்று இருந்தால் அது 1892-ஆம் வருஷம். ௧, ௨ இரண்டும் க, உ போலவே இருப்பதால் எழுத்து என்று எண்ணித் தாண்டிப் போய்விடுவார்கள். ௸-ஐத் தவறவிட்டால் ஊரே மாறிவிடும். "௸ கிராமம்" என்பது மேலே கடைசியாகச் சொன்ன கிராமம், பத்திரம் எழுதப்பட்ட கிராமம் அல்ல.

"தாது வருஷம் மாசி மாசம்"னு மட்டும் போட்டிருக்கு. இங்கிலீஷ்ல எந்த வருஷம்?

அறுபது வருஷச் சுற்று என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை வரும். தாது 1876-இல் வந்தது, 1936-இலும் 1996-இலும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தாது வருஷ மாசி என்பது 1877 பிப்ரவரி–மார்ச்சில் விழும், 1876-இல் அல்ல. தை, மாசி, பங்குனிக்கு ஒரு வருஷம் கூட்ட மறப்பது சாதாரணமாக நடக்கும் பிழை.

எந்தச் சுற்று என்பதற்கு, ஜாதகமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன். குருவையும் சனியையும் பார்த்துப் பயனில்லை, அறுபது வருஷத்தில் இரண்டும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். ராகு ஒரு சுற்று வரப் பதினெட்டரை வருஷத்துக்குச் சற்று அதிகம் ஆகும். அதனால் அறுபது வருஷம் கழித்து இரண்டு மூன்று ராசி தள்ளி இருக்கும். கட்டத்தில் ராகு எங்கே என்பதைப் பழைய பஞ்சாங்கத்தோடோ கணினி நிரலோடோ ஒப்பிட்டால் சுற்று தெரிந்துவிடும். கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்தால் தேதியே கிடைக்கும்.

வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி ஆண்டு இருக்கும், அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணியில் தொடங்கும். கொல்லம் 1075 என்பது 1899 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம். அப்புறம், திதி. "பாட்டனுக்கு மாசி தேய்பிறை சப்தமி" என்று வீட்டில் திதி கொடுத்து வந்தால் அதுவும் ஒரு பதிவுதான். இறந்த வருஷம் மட்டும் தெரிந்தால் நாளைக் கணக்குப் போட்டுவிடலாம்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடுன்னு சொல்றாங்களே, அதுல முன்னோர் பேர் வருமா?

வரும், ஆனால் பின்னோக்கிப் படிப்படியாக இறங்க வேண்டும். இன்றைய சர்வே எண்கள் பல ஊர்களில் நில ஆவணங்களைப் புதுப்பித்து 1980-களில் முடிந்த யுடிஆர் திட்டத்தில் வந்தவை. அதற்கு முன் நிலவரி நிர்ணயத்தின்போது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு, அதற்கும் முன் 19-ஆம் நூற்றாண்டின் பழைய நில அளவையில் வந்த பைமாஷ் எண். ஒவ்வொரு படியிலும் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீடு பார்க்காமல் இறங்கினால் அடுத்தவர் முன்னோரை உங்கள் முன்னோர் என்று எழுதிவிடுவீர்கள். வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆவண அறை, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று மூன்று இடங்களில் இவை சிதறிக் கிடக்கும். கோயில் மானியம், ஊழிய மானியம் அனுபவித்த குடும்பம் என்றால் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைக் கட்டாயம் பாருங்கள். மானியம் யாருக்கு வந்தது, இப்போது யார் அனுபவிக்கிறார் என்பதை அதில் விசாரித்து எழுதியிருக்கிறார்கள்.

ஊர் அன்று யார் ஆட்சியில் இருந்தது என்பதும் முக்கியம். கன்னியாகுமரி 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது, பழைய காகிதங்களைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டியிருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். ராமநாதபுரம் மாவட்டமே 1910-இல்தான் உருவானது, அதற்கு முன் மதுரை, திருநெல்வேலிக் கட்டுகளில் பாருங்கள். கிராமக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. கர்ணம் குடும்பத்தார் வீட்டில் இன்றும் பழைய கணக்கு இருக்கலாம். மரியாதையாகப் போய்க் கேளுங்கள், பலர் ஆசையோடு எடுத்துக் காட்டுவார்கள்.

எங்களுக்கு நிலமே கிடையாது. பண்ணையில கூலி வேலை பார்த்த குடும்பம். எங்களைப் பத்தி யார் எழுதி வெச்சிருப்பா?

இந்தக் கேள்விக்குக் கைவிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எழுதி வைத்திருக்கிறார்கள், வேறு இடங்களில். கிறிஸ்தவ மிஷன் ஞானஸ்நானப் பதிவேடுகளில் நிலமில்லாத குடும்பங்கள் பெயர், தகப்பன் பெயர், ஊரோடு இருக்கின்றன. இன்று குடும்பம் இந்துவாக இருந்தாலும் ஒரு கிளை எப்போதோ அங்கே போயிருக்கலாம். ஒடுக்கப்பட்டோருக்கு என்று 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஊரில் இருந்தால், ஒப்படை பெற்றவர்களின் பெயர்கள் வருவாய்க் கட்டில் இருக்கும். நிலம் பிறகு கைமாறிப் போயிருந்தாலும் முதலில் பெற்றவர் பெயர் பதிவில் இருந்ததுதான். பண்ணை வீட்டுக் கணக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, இறப்புப் பதிவேடு ஆகியவற்றையும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பலேறிப் போனவர்களின் பட்டியல். ஊரில் யாருமே பதிவு செய்யாத ஒரு கூலித் தொழிலாளியின் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, உயரம், உடலில் உள்ள தழும்பு வரை அதில் எழுதியிருக்கிறது. உங்கள் நேர் பாட்டன் போகாவிட்டாலும் அவர் தம்பி போயிருக்கலாம். விவரம் கீழே.

பாட்டியோட அம்மா பேர் யாருக்குமே தெரியல. பொம்பளைங்களை எழுதவே மாட்டாங்களா?

எழுதியிருக்கிறார்கள், ஆனால் புகுந்த வீட்டுக் காகிதத்தைவிடப் பிறந்த வீட்டுக் காகிதத்தில் அதிகம். மகளுக்குச் சொத்து எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம், கணவன் இறந்தபின் மைனர் மகனுக்காகப் போட்ட கையெழுத்து, ஜீவனாம்ச வழக்கு, வாரிசுச் சான்று ஆகியவற்றில் பெண் பெயரோடு வருவாள். மேலே சொன்ன மொய் நோட்டில் முதலில் வரும் தாய்மாமன் யார், எந்த ஊர் என்று பிடித்தால் பாட்டியின் பிறந்த வீடு அங்கே. அந்த வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள்.

ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது தகப்பன் வழி மூன்று தலைமுறை ஆண், பெண் பெயர்களையும் தாய் வழியில் அதே போலவும் சொல்லும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதைச் செய்கிறவரிடம் சொல்லும் வரிசையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத பாட்டியின் மாமியார் பெயர் அவர் வாயில் சரளமாக வரும்.

நாங்க கிறிஸ்தவங்க. எங்களுக்கு ஈசியா கிடைக்குமா? எங்க முஸ்லிம் நண்பருக்கும் கேட்கிறேன்.

மற்றவர்களைவிட எளிது. கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவில் தாய் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவு. 1908-க்குப் பிறகு, எந்த ஊரில் கல்யாணம் ஆனாலும் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஓரக் குறிப்பைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். தரங்கம்பாடியில் 1706-இல் தொடங்கிய மிஷனின் ஆவணங்களில் பெரும்பகுதி ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கிறது. மதுரை மிஷன் இயேசு சபையாரின் காப்பகம் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கிறது. முத்துக்குளித்துறைக் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெர்னாண்டோ போன்ற பெயர்கள் திருமுழுக்கின்போது கொடுக்கப்பட்டவை, ஒரே பெயர் என்பதால் ஒரே வம்சம் ஆகிவிடாது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடுதான் முதல் இடம். மணமக்களின் தகப்பன் பெயர், மஹர் (மணக்கொடை), சாட்சிகள் இருக்கும். நிக்காஹ் பெண் வீட்டு ஊரில் நடந்திருந்தால் அங்குள்ள ஜமாஅத்தில் கேளுங்கள்.

எங்க குடும்பம் தென்னாப்பிரிக்கா போய் அஞ்சு தலைமுறை ஆச்சு. சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்கப்பட்டது. அந்த எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் ஊர் கிடைக்கும். பிறப்பு, கல்யாணப் பதிவுகளிலும் இறந்தவர் சொத்துக் கோப்புகளிலும் எண்ணைப் போட்டிருப்பார்கள். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறிகளின் பதிவேடுகள் உள்ளன, பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல்தான் கப்பல் போனது. ரீயூனியன், குவாதலூப் என்றால் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போயிருப்பார்கள். பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைப் பிரான்சின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அதற்கு முன் வேறு பெயரில் தேட வேண்டும்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, முதலியார் 'மூட்லி' ஆனது, முனுசாமி 'மூன்சாமி' ஆனது. ஊரும் அப்படித்தான். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். மாவட்டத்தையும் தாலுகாவையும் முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலைச் சத்தமாகப் படித்தால் காது கண்டுபிடித்துவிடும். பழைய ஆங்கிலப் பதிவுகளில் 'மலபார்' என்று இருந்தால் பெரும்பாலும் தமிழர் என்று பொருள், கேரளத்துக்கு ஓடிவிடாதீர்கள்.

தாத்தா கங்காணி மூலமா மலாயாவுக்கு வந்தாரு. அந்தக் கப்பல் லிஸ்ட் எங்கே இருக்கு?

நேட்டாலில் இருப்பது போல ஊர்ப் பெயரோடு தொடர்ச்சியான பட்டியலை இதற்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கங்காணி முறையே ஒரு தடயம். தோட்டத்து மேஸ்திரியான கங்காணி தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும்தான் ஆள் சேர்ப்பார். அதே தோட்டத்துக்கு வந்த மற்றக் குடும்பங்களின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் அருகில்தான். தோட்டத்துச் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு), தமிழ்ப் பள்ளிச் சேர்க்கை, குடியுரிமை விண்ணப்பம், மணியார்டர் ரசீது, கல்லறை எழுத்து ஆகியவற்றைத் தேடுங்கள். இந்திய அரசு 1938-இல் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர் என்றால் பெரும்பாலும் சொந்தச் செலவில் வந்திருப்பார். 'தமிழ் முரசு' பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது, மரண அறிவித்தல்களில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர் வருவதுண்டு.

இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கும் இதே வழிதான். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்களிடம் குடும்ப அட்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் இருக்கும். அவற்றைப் பத்திரமாக வையுங்கள், பெயர்களும் வயதுகளும் உறவுமுறையும் ஒரே இடத்தில் இருக்கும் காகிதம் அது.

எங்கட பூட்டன்ர பேர் தோம்பில இருக்குமோ?

பூட்டன், அதாவது கொள்ளுத்தாத்தா காலத்துக்கு உறுதியும் (இலங்கையில் நிலப் பத்திரத்தைச் சொல்வது) காணிப் பதிவகமும்தான் பொருத்தம். நொத்தாரிசு (நோட்டரி) எழுதிய உறுதியில் காணியின் பெயரும் அது யார் யார் கைமாறி வந்தது என்பதும் இருக்கும். தோம்பு என்ற டச்சுக் காலப் பதிவேடு அதைவிடப் பழையது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட டச்சுக்காரர் காணித் தோம்பு, தலைத் தோம்பு, பள்ளித் தோம்பு என்று வைத்திருந்தார்கள். எஞ்சியவை கொழும்பில் தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சு மொழியில் இருக்கின்றன. காணிப் பெயரைப் பிடித்துக்கொண்டு உறுதி வழியாகப் பின்னால் போனால்தான் தோம்பைத் தொட முடியும். பள்ளித் தோம்பில் ஞானஸ்நானப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம், வீட்டில் சைவராக இருந்தவர்களும் சொத்துரிமைக்காகவும் கல்யாணப் பதிவுக்காகவும் அங்கே பெயர் கொடுத்தார்கள்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா வேலை சுலபமா?

வெளிநாட்டில் இருக்கும் கிளையை இணைக்க உதவும், ஊரைச் சொல்லாது. தலைமுறை தலைமுறையாக அத்தை மகள், மாமன் மகளைக் கட்டிய குடும்பங்களில் தூரத்து உறவும் கிட்டத்து உறவு போலக் காட்டும். "இரண்டாம் தலைமுறை உறவு" என்று முடிவு வந்தால் இன்னும் இரண்டு தலைமுறை தள்ளியே யோசியுங்கள்.

நாங்க சோழ வம்சம்னு பெரியவங்க சொல்றாங்க. நிரூபிக்க முடியுமா?

சோழர் காலத்திலிருந்து ஒரு சாதாரணக் குடும்பம்வரை அறுபடாமல் வரும் பதிவு கிடையாது. பாளையக்காரர் குடும்பங்களுக்கு வம்சாவளிகள் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மெக்கன்சி 1800-களின் தொடக்கத்தில் திரட்டிய சுவடிகள் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. ஆனால் கம்பெனியிடம் உரிமை கேட்டு எழுதப்பட்டவை அவற்றில் பல, அதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஜமீன் வழக்குகளின் தீர்ப்புகளில் வரும் கொடிவழிகளை நான் அதிகம் நம்புவேன், எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு பெயரையும் கேள்வி கேட்டிருப்பார். பெரியவர்கள் சொன்னதை "குடும்பத்தார் சொல்வது" என்று தலைப்பிட்டுத் தனியாக எழுதி வையுங்கள். அழிக்கவும் வேண்டாம், ஆதாரத்தோடு கலக்கவும் வேண்டாம்.

எல்லாம் தேடியாச்சு. ஒருத்தர்கிட்ட வந்து நின்னுடுச்சு. அவருக்கு மேல எதுவுமே இல்ல.

அவரை விட்டுவிட்டு அவரைச் சுற்றி இருப்பவர்களைத் தேடுங்கள். பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு. ஒரே புலத்தைப் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள்தான் பெரும்பாலும் பக்கத்து நிலக்காரர்கள். அந்தப் பெயர்களின் தகப்பன் யார் என்று பாருங்கள். உங்கள் ஆளின் தகப்பன் பெயரும் அதுவே என்றால் ஒரு கிளை கூடிவிட்டது. சாட்சிக் கையெழுத்து போட்டவர்களில் ஒருவராவது மச்சானாகவோ பங்காளியாகவோ இருப்பார்.

அவர்களுடைய பத்திரங்களை அதே சார்பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். உங்கள் பாட்டன் எழுதாத பாகப்பிரிவினையை அவருடைய தம்பி வழியினர் எழுதியிருக்கலாம். அது கிடைக்கும்வரை அந்தப் பெயருக்கு மேலே கேள்விக்குறி போட்டு, எந்த அலுவலகத்தில் எந்த வருஷம்வரை பார்த்தோம் என்பதைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்துத் தேடப் போகிறவர் உங்கள் தம்பி மகளாக இருந்தாலும் அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.